கேட்பது முகத்தை, முக்காட்டை அல்ல

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடல் விழாவில், உத்திரமேரூரில் போட்டோ ஸ்டூடியோ நடத்திவரும் முன்னாள் வணிகவியல் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

நம்ம சங்கச் செயலாளர் என்னிடம், "மேடையிலே எல்லாரும் பழைய கதையே பேசுவாங்கம்மா. நீ உன் தொழிலைப் பத்திப் பேசு. படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். என் தொழில் போட்டோ பிடிப்பது. கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் உண்டு. ஆனால் ஸ்டூடியோவின் அன்றாடச் சோறு பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். அதிலும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். தலையில் ஹிஜாபும் மூக்கில் கண்ணாடியும் போட்ட ஒரு பெண், விண்ணப்பத்துக்கோ வேலைக்கோ நல்ல போட்டோ எடுத்துக்கொள்வது எப்படி?

"இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். இரண்டும் அணிந்தவள் நான், உங்கள் முன்னாலேயே நிற்கிறேன். இரண்டும் அணிந்தவர்களை வருஷக்கணக்காகப் படம் பிடித்தும் வருகிறேன். அதனால் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். பக்கத்துக் கிராமம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள். வேறு ஒரு இடத்தில் போட்டோ எடுக்கப் போயிருக்கிறாள். "தலைத்துணியை எடுத்தாத்தான் எடுப்போம், இல்லேன்னா ரிஜெக்ட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. விண்ணப்பத் தேதி முடிந்தே போய்விட்டது. என்னிடம் வந்தது அதற்கு அடுத்த வருஷம், அதே தேர்வுக்கு. "ஆபா, துணி இருந்தா தப்பா?" என்று கேட்டாள். தப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை தெரியாமல் ஒரு வருஷம் போனது போனதுதானே? ஒரு வருஷத்தின் விலை என்னவென்று, வேலைக்காகக் காத்திருந்த உங்களுக்கெல்லாம் தெரியும்.

நண்பர்களே, நாம் உத்திரமேரூர்க்காரர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் நம்ம ஊர் மேடையிலிருந்து யாரும் இறங்கியதில்லை. நானும் பேசிவிடுகிறேன். (சிரிப்பு)

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். ஆகவே எல்லோர் பெயரும் அந்தக் குடத்தில் விழவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அன்றைக்கு ஒருவரை அடையாளம் காட்ட ஓலையில் எழுதிய பெயர் போதும். முகம் தேவைப்படவில்லை. ஊரே ஒருவரை ஒருவர் அறிந்திருந்தது.

இன்றைக்கு அப்படி இல்லை. 1993-ல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை வந்தது. பிறகு வாக்காளர் பட்டியலிலேயே படம் அச்சாயிற்று. ஆதார் வந்தது. நுழைவுத்தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., வங்கி, பாஸ்போர்ட், ஒரகடம் கம்பெனி ஐ.டி. கார்டு, எல்லாவற்றுக்கும் முகம். நீங்கள் போகும் முன்னால் உங்கள் போட்டோ போய் வாசலில் நிற்கிறது. அந்தப் போட்டோவைத் திருப்பி அனுப்பினால் உங்களைத் திருப்பி அனுப்பியதாகத்தான் அர்த்தம்.

அப்படியானால் சட்டம் என்ன கேட்கிறது? இங்கே இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முகத்தை மூடுவது ஒன்று. தலையை மூடுவது வேறு.

முகத்தை மூடுவது பற்றி வழக்கே நடந்திருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்தே. பர்தா அணியும் பெண்களின் படத்தை வாக்காளர் பட்டியலில் அச்சிடக் கூடாது என்று ஒருவர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் தள்ளுபடி செய்தது. 2010-ல் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதும், அடையாள அட்டைக்கு முகம் தெரியத்தான் வேண்டும் என்பதே நீதிபதிகளின் கருத்தாக இருந்தது. அதே நேரத்தில், வாக்குச்சாவடியில் பர்தா அணிந்த பெண்களை ஒரு பெண் அலுவலர் தனி மறைவிடத்தில் வைத்து அடையாளம் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டைத் தேர்தல் ஆணையமே வைத்திருக்கிறது. அதாவது, முகத்தைக் காட்டு என்கிறது சட்டம். மரியாதையோடு பார்க்கிறேன் என்றும் சொல்கிறது.

தலையை மூடுவதற்கு வருவோம். பாஸ்போர்ட்டுக்கு உலகம் முழுவதும் பொதுவான விதி வகுப்பது மாண்ட்ரியல் நகரில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. தொப்பி, குல்லா வேண்டாம் என்பதுதான் அதன் பொது விதி. ஆனால் மத வழக்கத்துக்காக அணிவதை அந்தந்த நாடு அனுமதிக்கலாம். நம் நாடு அனுமதிக்கிறது. நிபந்தனை என்னவென்றால், மோவாயின் அடியிலிருந்து நெற்றியின் மேல்வரை, முகத்தின் இரண்டு பக்க விளிம்பும் தெளிவாகத் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக் கூடாது. ஆதாருக்கும் அப்படியே. தலைப்பாகையும் முக்காடும் மத வழக்கம், மரபு என்ற வகையில் அனுமதி. முகத்தின் எந்தப் பகுதியையும் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆக, சட்டம் கேட்பது முகத்தை. முக்காட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்கவில்லை. இதை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனாலே நான் பேசியதற்குப் பலன்.

காது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. பாஸ்போர்ட்டுக்கு முகத்தின் விளிம்பு தெரிந்தால் போதும். நீட் போன்ற தேர்வுகளின் தகவல் கையேட்டில், காதுகள் உட்பட 80 சதவீதம் முகம் தெரிய வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அதனால் விண்ணப்பிக்கிற வருஷத்தின் கையேட்டை நீங்களே படியுங்கள். "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க" என்று வராதீர்கள். காது தெரிய வேண்டுமென்றால், தலைமுடியையும் கழுத்தையும் மூடியபடியே துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கட்ட முடியும். கட்டுவதா வேண்டாமா என்பது அந்தப் பெண் எடுக்கும் முடிவு. விதி இது என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது.

கண்ணாடிக்கும் இடத்துக்கு இடம் விதி மாறும். எப்போதும் கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு எடுத்துக்கொள்வதே நல்லது என்கிறது ஆதார் வழிகாட்டி. கருவிழி பதியும்போது மட்டும் கழற்ற வேண்டும். ஆனால் அமெரிக்க விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் 2016 நவம்பர் 1 முதல் கண்ணாடி கூடாது. அங்கே முக்காடு இருக்கலாம், கண்ணாடி இருக்கக் கூடாது! ஊரில் பல பேர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, விதி தெரிந்துவிட்டது. அப்புறம் ஏன் போட்டோ திரும்பி வருகிறது? நான் பார்த்தவரை பெரும்பாலும் துணியால் இல்லை, வெளிச்சத்தால். இனி கொஞ்சம் தொழில் பேசுகிறேன். கையில் செல்போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பயன்படும்.

கேமரா ஒரு முட்டாள் யந்திரம். உள்ளே வருகிற வெளிச்சத்தை எல்லாம் கூட்டிப் பார்த்து, உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போடும். கறுப்பு முக்காடு சட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டால் "ஐயோ, இருட்டு" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துப் போகும். வெள்ளை முக்காடு என்றால் "வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைக்கும். முகம் கறுத்துப் போகும். அப்புறம் படம் எடுத்தவர், "உங்க கலரே அப்படித்தாம்மா" என்பார். கலர் மேல் குற்றம் இல்லை, கணக்கு தப்பு. வெளிச்சத்தை முகத்தில் மட்டும் அளக்க வேண்டும். செல்போனில் எடுக்கிறவர்கள் திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். முகத்துக்கு ஏற்ற மாதிரி அது சரிசெய்துகொள்ளும்.

அடுத்தது துணி. விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளைப் பின்னணி கேட்கிறார்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை முக்காடு போட்டால் தலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே வெள்ளை வேண்டாம். கருநீலம், பழுப்பு, அரக்கு மாதிரி அடக்கமான நிறம் நல்லது. பளபளக்கும் சாட்டின் வேண்டாம். நாம் காஞ்சிபுரம் பட்டு நெய்கிற மாவட்டத்துக்காரர்கள். ஃப்ளாஷ் அடித்தால் ஜரிகை என்ன பாடு படுத்தும் என்று கல்யாண போட்டோ எடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாட்டினும் அதே பாடுதான். பருத்தி, ஜார்ஜெட் இரண்டும் கேமராவுக்கு ஒத்துப்போகும். கிளிப்பச்சை, ஆரஞ்சு மாதிரி அடிக்கிற நிறங்கள் மோவாய்க்கு அடியிலும் கன்னத்திலும் தங்கள் சாயலைப் பூசிவிடும். பச்சைத் துணி போட்டவருக்குக் காமாலை வந்த மாதிரி படம் வரும்.

பின் குத்துவதை முன்பக்கம் தெரியாமல் குத்துங்கள். பின்னின் தலை விளக்கில் மின்னும். உள்ளே ஒரு பருத்திக் குல்லா போட்டுக்கொண்டால் மேல்துணி வழுக்கிக்கொண்டு நெற்றியில் இறங்காது. துணியின் விளிம்பு நெற்றிக்கு முன்னால் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நிழல் நெற்றியிலும் கன்னத்திலும் விழும். படம் திரும்பி வருவதற்கு அந்த நிழலே போதும். இரண்டு கன்னத்து ஓரமும் தெரிகிற மாதிரி துணியைப் பின்னால் இழுத்து விடுங்கள்.

அப்படியும் நிழல் விழுகிறதா? ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மேலே இருந்து வருகிற வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பி வரும். மோவாய் நிழலும் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பும் கரைந்துவிடும். பெரிய பெரிய லைட் செய்கிற வேலையைச் சில சமயம் ஒரு தெர்மகோல் செய்துவிடுகிறது. சுவரை ஒட்டி உட்காராதீர்கள். மூன்று நான்கு அடி தள்ளி உட்கார்ந்தால் உங்கள் நிழல் சுவரில் விழாது. செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மூக்கு பெரிதாகவும் கன்னம் ஒதுங்கியும் வரும். ஐந்தாறு அடி தள்ளி நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது கண்ணாடி. பவர் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு. ஆக சுமார் 8 சதவீதம். ஃப்ளாஷ் நேராக அடித்தால் அந்த 8 சதவீதமே போதும், கண் இருக்கிற இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு விழுந்துவிடும். கண்ணாடிக் கடையில் ஆன்டி கிளேர் கோட்டிங் என்று தருகிறார்களே, அது இதை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அதற்குக் காசு கூட ஆகும். எல்லோரும் போட முடியாது.

போடாதவர்களுக்கு வழி என்ன? நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று. அந்த ஒரு வரிதான் என் தொழில் ரகசியம். விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் ஒளி கண்ணாடியில் பட்டு நேராகக் கேமராவுக்கே திரும்பும். விளக்கை உயரத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் அந்த ஒளி வேறு எங்கோ போய்விடும். ஃப்ளாஷ் இருந்தால் அதைக் கூரையைப் பார்த்துத் திருப்புங்கள். விளக்கை நகர்த்த முடியாத இடமா? கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேலே துளி தூக்கி வையுங்கள். கண்ணாடி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயும், பளபளப்பு மறையும். முகத்தைச் சாய்க்க வேண்டாம். முகம் நேராகத்தான் இருக்க வேண்டும். இப்போது வீடியோ எடுக்கிறவர்கள் வைத்திருக்கிற வட்ட விளக்கு கண்ணாடி போட்டவர்களுக்கு ஆகாது. கண்ணுக்குள் இரண்டு வளையல் தெரியும்.

எங்கள் அப்பா கறுப்பு வெள்ளைக் காலத்தில், பிரிண்ட்டில் கண்ணாடியின் வெள்ளைப் புள்ளியை மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு மறைப்பார். பார்த்தால் தெரியாது. அது அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைக்குப் பாஸ்போர்ட், விசா படத்தில் டச்சப் செய்தால் அதுவே திருப்பி அனுப்பக் காரணம். எடுக்கும்போதே சரியாக எடுத்துவிட வேண்டும்.

ஹிஜாபும் கண்ணாடியும் சேரும்போது தனியாக ஒரு சிக்கல் உண்டு. துணி இறுக்கமாக இருந்தால் கண்ணாடிக் காம்பை வெளியே தள்ளும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். அரைமணி நேரத்தில் பொட்டில் வலியும் வரும். முதலில் உள்குல்லா, அதற்கு மேல் கண்ணாடி, கடைசியாகத் தளர்வாகத் துணி என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். ஃபிரேமின் மேல்விளிம்பு கண்ணை மறைக்காமல் இருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் பலர் இப்போது தடித்த கறுப்பு ஃபிரேம் போடுகிறீர்கள். அழகுதான். ஆனால் அது மூக்கில் இறங்கினால் பாதிக் கண் போய்விடும். வெயிலில் கறுக்கிற கண்ணாடி போட்டவர்கள் வந்த உடனே படம் எடுக்கச் சொல்லாதீர்கள். ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அது வெளுக்கட்டும், நீங்களும் வியர்வையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரியவர்களுக்குக் கவுன்ட்டரிலேயே படம் எடுத்துவிடுவார்கள். உங்களுக்காகத் தெர்மகோல் பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் வீட்டிலிருந்தே தயாராகப் போங்கள். அடக்கமான நிறம், பளபளக்காத துணி, துடைத்த கண்ணாடி. கைப்பையில் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொண்டு, உங்கள் முறை வருவதற்கு முன்னால் கன்னத்து ஓரம் தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன். இனி மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தொழிலில் இருப்பவர்கள் இந்த மலரைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு பெண்ணின் துணியைச் சரிசெய்யக் கையை நீட்டாதீர்கள். வாயால் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியைக் கையில் கொடுங்கள். ஸ்டூடியோவில் ஒரு மூலையில் திரை போட்டு, உள்ளே ஆளுயரக் கண்ணாடி மாட்டிவையுங்கள். பெரிய செலவில்லை. கடையில் ஒரு பெண் வேலைக்கு இருந்தால் ரொம்ப நல்லது. படம் நன்றாக வந்துவிட்டதே என்று கேட்காமல் வாசல் ஷோகேஸில் மாட்டாதீர்கள். கல்யாணப் பெண் படமானாலும் கேட்டுத்தான் மாட்ட வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் நெகட்டிவ் ஒரு கவரில் இருக்கும், கவர் பெட்டியில் இருக்கும், பெட்டிச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். இன்றைக்குப் படம் கம்ப்யூட்டரில், பென்டிரைவில், வாட்ஸ்அப்பில் என்று எத்தனையோ இடத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். "அழிச்சிட்டேம்மா" என்று அவர் எதிரிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக என்னிடம் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். என் கேமரா ஒன்றும் உசத்தி இல்லை.

இது நான் கண்டுபிடித்த வழியும் இல்லை. 1892-லேயே ஐதராபாத்தில் ராஜா தீன்தயாள் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர், பர்தா முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்தார். அதை நடத்தியது ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. "பெண்கள் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று ஊர் சொன்னபோது, "எடுத்துக்கொள்கிற மாதிரி இடம் கொடுத்தோமா?" என்று அவர் யோசித்திருக்கிறார். நூற்றாண்டு தாண்டிவிட்டது, அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். நீதிபதி பாத்திமா பீவி அம்மையார். 1989-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநர். 2023-ல் காலமானார். அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். புடவைத் தலைப்பால் முக்காடு, பெரிய மூக்குக் கண்ணாடி, அதற்குள்ளே நேராகப் பார்க்கிற இரண்டு கண்கள். பார்க்கிற யாருக்கும் அதில் முதலில் தெரிவது முக்காடும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ஒரு நீதிபதி. நல்ல போட்டோ என்றால் அதுதான். பெண்பிள்ளைகள் என்னிடம் "வேலைக்கு அனுப்புற போட்டோ, இப்படி இருந்தா எடுத்துக்குவாங்களா அக்கா?" என்று கேட்டால், அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். அதற்கப்புறம் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். பாதிப் படம் அங்கேயே எடுத்தாயிற்று.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். (சிரிப்பு) மூன்று வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

இந்நாள் மாணவிகளே, முதல் வேண்டுகோள் உங்களுக்கு. போட்டோவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். விதி அச்சிட்ட பக்கத்தை நீங்களே படித்து, கையில் எடுத்துக்கொண்டு போங்கள். யாராவது "துணியை எடு" என்றால், சண்டை வேண்டாம், அழவும் வேண்டாம். "சார், இந்த விதியைப் பாருங்க" என்று காட்டுங்கள். இந்து வீட்டுப் பிள்ளைகளும் பையன்களும் "இது நமக்கில்லை" என்று நினைக்காதீர்கள். உங்கள் வகுப்புத் தோழி கூச்சப்பட்டு நின்றால் கூடப் போய் நில்லுங்கள். ஒரு துணை இருந்தால் பேச்சு தானாக வரும்.

இரண்டாவது, என்னோடு படித்து இன்றைக்கு அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கம்பெனிகளிலும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு. விதி கேட்காததை நீங்கள் கேட்காதீர்கள். முகம் தெளிவாக இருக்கிறதா, கண் தெரிகிறதா, நிழல் இல்லையா, அதைப் பாருங்கள். குறை இருந்தால், "கன்னத்து ஓரம் மறையுதும்மா, வேற எடுத்துட்டு வாங்க" என்று காரணத்தைச் சொல்லித் திருப்புங்கள். வெறும் "ரிஜெக்ட்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்வாள்?

மூன்றாவது, நம் சங்கத்துக்கு. விண்ணப்பக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு நாள், கல்லூரி வளாகத்திலேயே ஒரு அறையில் திரை கட்டி வையுங்கள். கேமராவையும் குடை லைட்டையும் தெர்மகோலையும் நான் எடுத்து வருகிறேன். எந்தப் பிள்ளையாக இருந்தாலும், முக்காடு போட்டவளோ போடாதவளோ, கண்ணாடி போட்டவனோ போடாதவனோ, போட்டோ இலவசம். செயலாளர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். (கைதட்டல்)

அந்தக் காலத்துக் குடத்தில் யார் பெயர் விழலாம் என்று கல்லில் எழுதிவைத்தார்கள். இந்தக் காலத்து வாசலில் நிற்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று அரசியல் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. ஒரு மோசமான வெளிச்சத்தால் அந்த உரிமை யாருக்கும் தவறிப்போகக் கூடாது.

 குழு போட்டோ எடுக்க எல்லோரும் மரத்தடிக்கு வந்துவிடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் எல்லாம் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்!